ஆறிய பிறகு அழுத்திய பெடல்

நான் வேலை பார்த்த வண்டி ஷெட்டுக்கு, பிரேக் ஆயிலில் புகுந்த காற்றை வெளியேற்ற, எங்கள் பேச்சில் ஏர் எடுக்க, இப்போது ஒரு மெஷின் வந்திருக்கிறது. சக்கரத்தில் ஆயிலை வெளியே விடும் சின்னத் திருகான நிப்பிளில் அதன் குழாயை மாட்டிச் சுவிட்சைப் போட்டால் பழைய ஆயிலை அதுவே உறிஞ்சிக்கொள்கிறது. பெடலை மிதிக்க இன்னொரு ஆள் வேண்டியதில்லை. போன மாதம் பி.எஃப். காகிதம் ஒன்றுக்காகப் போனபோது அதை எனக்கு ஓட்டிக் காட்டினார்கள். நல்ல மெஷின். குறை சொல்ல ஒன்றுமில்லை.

"அண்ணாச்சி, இது இல்லாத காலத்துல எப்படிச் செஞ்சீங்கன்னு ஆண்டு மலருக்கு ஒண்ணு எழுதித் தாங்க. ஒங்களுக்குத்தான் தினமும் எழுதுத பழக்கம் உண்டுல்லா" என்று கேட்டார்கள்.

எப்படிச் செய்தோம் என்பதை ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம். ஆனால் ஏர் எடுப்பது என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த வேலையைச் செய்த நாட்கள் அல்ல. ஸ்பேனரை நிப்பிளில் மாட்டிவிட்டு, திருப்பாமல், வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்த ஒரு காலைப்பொழுதுதான். அதையே எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கத்துப் புதுக்கோட்டை. ஐ.டி.ஐ. முடித்ததும் திருநெல்வேலி ரோட்டில் ஒரு லாரி ஒர்க்‌ஷாப்பில் கை பழகினேன். பிறகு தூத்துக்குடியில் ஒரு மீன் ஏற்றுமதிக் கம்பெனியின் ஷெட்டில் சேர்ந்தேன். விருப்ப ஓய்வு வாங்கும்வரை வேறு இடம் பார்க்கவில்லை. கம்பெனிக்குச் சொந்தமாகச் சில விசைப்படகுகளும், கரையோர ஊர்களிலிருந்து மீன் ஏற்றிவரப் பிக்கப் வண்டிகளும் இருந்தன. வண்டிகள் எல்லாம் பழையவை. மேலேயிருந்து ஐஸ் தண்ணீர் வடியும். கீழேயிருந்து உப்புக் காற்று தின்னும். மற்ற ஊர்களில் கையால் திருகக்கூடிய ஒரு நட்டு எங்கள் ஊரில் சுத்தியல் கேட்கும்.

ஷெட்டின் பொறுப்பு ஞானதுரை சாரிடம் இருந்தது. நாசரேத்துக்காரர், டிப்ளமோ படித்தவர். குரலை உயர்த்த மாட்டார். பிரேக் வேலை முடிந்து வண்டி வெளியே போகும் முன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சீட்டில் ஏறி, வெறுங்காலால் பெடலை மிதித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த நேரம் யாரும் பேசக்கூடாது. பெடல் இம்மியளவு இறங்கினாலும் அவர் முகத்தில் தெரிந்துவிடும். இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு, "மறுபடி எடு" என்பார். திட்டினார் என்று சொல்ல முடியாது. ஆனால் திட்டு வாங்கிய மாதிரி இருக்கும்.

அவரிடம் எதைச் சொல்லப் போனாலும் ஒரு கேள்வி உண்டு. "நீ பார்த்தது என்ன, நினைச்சது என்ன? ரெண்டையும் தனித்தனியா சொல்லு." வீல் சிலிண்டர் போயிருச்சு சார் என்றால், "அது நீ நினைச்சது. பார்த்ததைச் சொல்லு" என்பார். சக்கரத்தின் பிரேக் டிரம்முக்குள் ஈரம் இருந்தது என்று சொல்ல வேண்டும். ஈரம் ஆயிலா ஐஸ் தண்ணீரா என்று அடுத்து கேட்பார். சேர்ந்த புதிதில் இது எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு வீட்டிலும் அப்படியே பேச ஆரம்பித்து மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கேட்டுக்கொண்டபடி வேலையையும் சொல்லிவிடுகிறேன். பெடல் அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து அதிகத் தொலைவில் இருக்கும் சக்கரத்தில் தொடங்க வேண்டும். எங்கள் வண்டிகளில் அது பின்பக்கம் இடது. அதன் பிறகு பின் வலது, முன் இடது, கடைசியில் டிரைவர் பக்கம். நிப்பிளைச் சுற்றியுள்ள துருவை இரும்புப் பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் ஆயில் விட்டு ஊற வைக்க வேண்டும். அவசரப்பட்டுத் திருகினால் நிப்பிள் ஒடிந்து சிலிண்டருக்குள் நின்றுவிடும். அப்புறம் சிலிண்டரையே மாற்ற வேண்டியதுதான். ரிங் ஸ்பேனர்தான் போட வேண்டும். நிப்பிள் முனையில் கண்ணுக்குத் தெரிகிற குழாய் ஒன்றை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் உள்ள கண்ணாடிப் பாட்டிலில் முக்கி வைக்க வேண்டும். மேலே இருப்பவர் பெடலைச் சில தடவை மிதித்துவிட்டு அழுத்திப் பிடிப்பார். கீழே இருப்பவர் நிப்பிளைத் திறப்பார். கறுத்த ஆயிலும் காற்றுக் குமிழும் வரும். பெடல் அடிவரை இறங்கும். நிப்பிளை மூடிய பிறகுதான் காலை எடுக்கலாம். முன்னால் எடுத்தால் போன காற்று திரும்பி வந்துவிடும். பானட்டுக்குள் இருக்கும் பிரேக் ஆயில் டப்பா வற்றவும் விடக் கூடாது. குமிழ் நின்று, புது ஆயிலின் நிறம் குழாயில் தெரியும்வரை இதையே செய்ய வேண்டும்.

எங்கள் ஷெட்டுக்கு ஒட்டியே ஐஸ் உடைக்கும் மெஷின் ஓடும். அந்தச் சத்தத்தில் மேலே இருப்பவருக்குக் கீழே இருப்பவர் குரல் கேட்காது. அதனால் வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் ஸ்பேனரால் தட்டுவோம். ஒரு தட்டு என்றால் மிதித்துப் பிடி. இரண்டு என்றால் விடு. பெரும்பாலும் எனக்கு மிதிப்பவன் சூசைதான்.

சூசை மணப்பாட்டுக்காரன். மணப்பாட்டு வண்டிக்கு அவன்தான் டிரைவர். அதே வண்டியில் லோடுமேன் கிளீட்டஸ், சூசையின் மனைவிக்குத் தம்பி. இருவரும் வண்டியிலேயே சாப்பிட்டு வண்டியிலேயே சண்டை போட்டுக்கொள்வார்கள். "அத்தான் ஓட்டுத ஓட்டுக்கு மீனு உயிரோட எந்திரிச்சு உக்காந்துக்கும்" என்பான் கிளீட்டஸ். "ஏலே, நீ அடுக்குத அடுக்குக்கு அது மறுபடியும் செத்துப்போவும்" என்பான் சூசை.

ஒரு நாள் அவர்கள் மணப்பாட்டிலிருந்து மீன் ஏற்றி வந்தார்கள். லோடு இறக்கும் சிமெண்ட் மேடையை நோக்கி வண்டி பின்பக்கமாக மெல்ல வந்தது. கிளீட்டஸ் வழக்கம்போல் முன்னாலேயே குதித்து, மேடையை ஒட்டி நின்று, "வரட்டும், வரட்டும்" என்று கை காட்டினான். பிறகு நிறுத்தச் சொல்லிக் கை உயர்த்தினான். வண்டி நிற்கவில்லை. சூசை ஹேண்ட் பிரேக்கை இழுத்தபோது கிளீட்டஸின் வலது கால், முழங்காலுக்குக் கீழே, வண்டிக்கும் மேடை விளிம்புக்கும் நடுவே சிக்கியிருந்தது.

ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, நாங்கள் பல பேர் சேர்ந்து வண்டியைத் தள்ளி முன்னே நகர்த்தினோம். நான் கிளீட்டஸின் தலைப்பக்கம் பிடித்துத் தூக்கினேன். அவன் என் சட்டையைப் பற்றி இழுத்து, காதோடு சொன்னான்.

"அண்ணாச்சி, அத்தானை யாரும் ஒண்ணும் சொல்லப்படாது. வண்டியை நாங்க நல்லாத்தான் பாத்துக்கிட்டோம். பிரேக் ஆயிலைக்கூட நான் குறையவே விடல. போன வாரம்கூட ஊத்தினேன்."

ஐஸ் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வேறு யாருக்கும் அது கேட்டிருக்காது.

அவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய பிறகும் சூசை ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான். "பெடலு அப்படியே உள்ள போயிட்டு அண்ணாச்சி. சேத்துல மிதிச்ச மாதிரி. ஒண்ணுமே இல்ல, ஒண்ணுமே இல்ல" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

மறுநாள் காலையில் மேனேஜர் ஷெட்டுக்கு வந்தார். ஐஸ் மெஷின் அன்று எதற்காகவோ ஓடவில்லை. கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், நியாயமான மனிதர்தான். ஆனால் வெளிநாட்டுக்குப் போக வேண்டிய சரக்கு தங்கிப்போனால் முதலில் பதில் சொல்ல வேண்டியவர் அவர். வண்டியில் ஏறிப் பெடலை மிதித்தார். கல் மாதிரி நின்றது. திரும்பத் திரும்ப மிதித்தார். அப்படியேதான் நின்றது.

"வா மணி. நீயும் மிதிச்சுப் பாரு."

மிதித்தேன். உயரமாக, இறுக்கமாக நின்றது.

"பிரேக் போயிடுச்சுன்னு சொல்றான். இதுல எங்க போயிருக்கு? ஆயிலும் டப்பா நிறைய இருக்கு, நானே பார்த்தேன். ஃபோன் பேசிட்டே வண்டியைப் பின்னால எடுத்திருக்கான், வேறென்ன? மத்தியானத்துக்குள்ள தப்பு என்மேலதான்னு எழுதிக் கொடுத்துட்டு வேலையை விட்டுப் போயிட்டான்னா நான் ஸ்டேஷனுக்குப் போக மாட்டேன். பிரேக் மேல பழியைப் போட்டான்னா கேஸ்தான். லைசன்ஸும் போயிடும்."

சூசை கம்பெனி கேட்டுக்கு வெளியே நின்றிருந்தான். வண்டிப் பக்கம் அவனை விடக் கூடாது என்று உத்தரவு. அவனுக்குத் தெரிந்த தொழில் ஓட்டுவது ஒன்றுதான்.

"பெடல் சரியா இருக்கா இல்லையா மணி?"

"இப்போ நிக்குது சார்."

"இப்போன்னா?"

"ராத்திரி முழுக்க ஆறியிருக்கு சார்."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "சரி. பழைய ஆயிலை எல்லாம் எடுத்துட்டுப் புதுசு விட்டு ஏர் எடுத்துடு. மத்தியானம் வேற டிரைவர் போட்டு அனுப்பணும். அங்க மீன் இறங்கிக் கிடக்கு."

நான் ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கி நிறுத்தினேன். பின் இடது சக்கரத்தைக் கையால் சுற்றினேன். சுற்றவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளியபோது முனகிக்கொண்டு அரைச் சுற்று வந்து நின்றது. மற்றச் சக்கரங்களும் ஏறத்தாழ அப்படித்தான். டிரம்மின் விளிம்பு நீலம் பாரித்திருந்தது. பிரேக் லைனிங் கருகிய வாடை அப்போதும் போகவில்லை. ஹேண்ட் பிரேக் போட்டிருக்கவில்லை. பெடலில் யார் காலும் இல்லை.

நிப்பிளைத் தேய்த்து, துரு இளக்கும் ஆயில் விட்டு, குழாயை மாட்டி, ஸ்பேனரைப் போட்டேன். அப்போதுதான் கை நின்றது.

பிரேக் பிடித்தபடியே வண்டி மணப்பாட்டிலிருந்து ஓடி வந்திருக்கிறது. அந்தச் சூட்டில் பழைய ஆயிலில் இருந்த ஈரம் ஆவியாகியிருக்கும். ஆவி நசுங்கும், பெடல் சேற்றில் இறங்கும். ராத்திரி ஆறியதும் ஆவி தண்ணீராகியிருக்கும், பெடல் கல்லாகியிருக்கும். சூசை சொன்னதும் உண்மையாக இருக்கலாம், மேனேஜர் மிதித்துப் பார்த்ததும் உண்மையாக இருக்கலாம். ஆனால் பிரேக் ஏன் விடாமல் பிடித்தது? அதற்கான பதில் இந்த ஆயிலில்தான் இருக்க வேண்டும். நான் இப்போது ஸ்பேனரைத் திருப்பினால் அது வடிந்து சாக்கடைக்குப் போய்விடும். மத்தியானம் புது ஆயிலோடு நல்ல வண்டி ஒன்று வெளியே போகும். சூசை சொன்னதற்குச் சாட்சி எதுவும் மிஞ்சாது.

படுத்தபடியே ஞானதுரை சாருக்கு ஃபோன் போட்டேன். அவர் திருச்செந்தூர்ப் பக்கம் ஐஸ் டிப்போவில் இருந்தார்.

"பார்த்ததைச் சொல்லு."

சக்கரம், டிரம் நிறம், வாடை, பெடல் உயரம் எல்லாம் சொன்னேன்.

"நினைச்சது?"

"ஆயில்ல ஏதோ இருக்கு சார். மாஸ்டர் சிலிண்டர் ரப்பர் வாஷர் ஊதியிருக்கலாம்."

"நான் வாரேன். அதுவரைக்கும் ஒரு சொட்டு வெளிய வரப்படாது."

ஃபோனை வைத்தபோது, தரையளவில், மேனேஜரின் ஷூ தெரிந்தது.

"முடிஞ்சுதா மணி?"

"நிப்பிள் துரு பிடிச்சிருக்கு சார். ஊறணும். ஒடிஞ்சா சிலிண்டரே மாத்தணும்."

அது உண்மைதான். ஆனால் அந்த நிப்பிள் அதற்குள் இளகிவிட்டிருந்தது என்பதும் உண்மை. அவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போட்டு அங்கேயே உட்கார்ந்தார். ஃபோன் வந்துகொண்டே இருந்தது. "இதோ, வண்டி ரெடி ஆயிட்டு இருக்கு" என்று ஒவ்வொருவருக்கும் சொன்னார். சொல்லும்போதெல்லாம் ஷூ முனை தரையைத் தட்டியது.

"எவ்வளவு நேரம்தான் ஊறும்?"

"அவசரப்பட்டா கெட்டுப்போயிரும் சார்."

"நீ சூசையோட ஆளா, கம்பெனி ஆளா?"

முகத்துக்கு நேர் மேலே நிப்பிளிலிருந்து துருத்தூள் கலந்த ஒரு துளி விழக் காத்துக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்டுப் பக்கம் சூசையின் குரல் கேட்டது. வாட்ச்மேன் அவனிடம் பேனா கொடுத்துக்கொண்டிருந்தார். "எழுதிக் கொடுத்துட்டுப் போ மக்கா. பிள்ளைகளை வச்சிக்கிட்டு கேஸுக்கு அலையாத."

அந்த நேரத்தில்தான் ஞானதுரை சாரின் பைக் உள்ளே வந்தது.

மேனேஜருக்கு வணக்கம் சொன்னார். செருப்பைக் கழற்றி வைத்தார். சீட்டில் ஏறி வெறுங்காலைப் பெடலில் வைத்தார். அன்று அழுத்திப் பிடிக்கவில்லை. அழுத்திவிட்டுக் காலைத் தளர்த்தினார். பெடல் காலோடு திரும்பி வருகிறதா என்று பார்க்கிறார் என்று எனக்குப் புரிந்தது. சோம்பலாக வந்தது. இறங்கி பானட்டைத் திறந்து, ஆயில் டப்பாவின் மூடியைக் கழற்றினார். மூடிக்குள் இருக்கும் ரப்பர் இரண்டு மடங்காக ஊதி, கொழகொழவென்று தொங்கியது. மறுபடி மூடப் பார்த்தார். ரப்பர் டப்பாவுக்குள் போக மறுத்தது.

"சுடலை, டீக்கடையில ரெண்டு கண்ணாடி கிளாஸ்ல தண்ணி வாங்கிட்டு வா" என்றார் என்னிடம். மேனேஜருக்கு நான் மணி, அவருக்குச் சுடலை.

நான் வாங்கி வந்த கிளாஸ்களைப் பானட் ஓரத்தில் வைத்தார். சீல் உடைக்காத புது பிரேக் ஆயில் டின்னைத் திறந்து, ஒரு கிளாஸில் சில சொட்டு விட்டுக் கலக்கினார். தண்ணீரோடு கலந்து காணாமல் போனது. இரண்டாவது கிளாஸில் வண்டியின் டப்பாவிலிருந்து எடுத்த சொட்டுகளை விட்டார். கொஞ்சம் கலந்தது. மீதி மேலே வந்து, மஞ்சளாக, கண்ணாடி மாதிரி மிதந்தது. கலக்கினார்; உடைந்து, மறுபடி கூடி மிதந்தது.

மேனேஜர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து குனிந்து பார்த்தார். எதையும் சட்டென்று பிடித்துக்கொள்பவர் அவர்.

"வேற ஆயில். யாரோ தப்பா ஊத்தியிருக்காங்க."

"ஆமா சார். நம்ம படகு ஸ்டீயரிங்குக்கு விடுத ஆயில் இது. பார்க்க ரெண்டும் ஒரே நிறம். இது பட்டா பிரேக் ரப்பர் ஊதிப்போயிரும். பிரேக் பிடிச்சா விடாது. நெடுந்தூரம் ஓடினா கொதிச்சு, பெடல் உள்ள போவும். ஆறினா திரும்பி வந்துரும்."

"அப்போ சூசை சொன்னது நிஜம்."

"பெடல் போனது நிஜம்."

நான் மூச்சை விட்டேன். சீக்கிரம் விட்டுவிட்டேன்.

"ஊத்தினது யாரு?" என்றார் மேனேஜர். "அந்த வண்டியைத் தொடுறது ரெண்டே பேர்தான். லோடுமேன் ஊத்தினானா? அப்படீன்னா இப்பவே தெரியணும். அடிபட்டவனே காரணம்னா இன்ஷூரன்ஸ்காரன் ஒத்தைப் பைசா தர மாட்டான். ஆஸ்பத்திரிச் செலவைக் கம்பெனி ஏன் கட்டணும்னு மேல இருந்து கேப்பாங்க."

சூசையை உள்ளே கூப்பிட்டார்கள். கிளாஸில் மிதந்த ஆயிலைப் பார்த்தான். ஞானதுரை சார் விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். சொல்லச் சொல்ல சூசையின் முகம் மாறியது. ஊற்றியது யார் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது என்பதை நான் கண்டுகொண்டேன்.

"நாந்தான் சார் ஊத்தினேன்."

"நீயா?"

"ஆமா சார். மாப்ளைக்கு பானட்டு திறக்கவே தெரியாது."

கிளீட்டஸ் பானட்டைத் திறந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடுவதை ஷெட்டில் பார்க்காதவர்கள் இல்லை. மேனேஜர் என் பக்கம் திரும்பினார்.

"மணி, உனக்கு ஏதாவது தெரியுமா?"

கிளீட்டஸ் என் சட்டையைப் பற்றி இழுத்த இடத்தில் துணி அப்போதும் கசங்கியிருந்த மாதிரி எனக்குத் தோன்றியது. உண்மையில் அது வேறு சட்டை. அவனே வாயால் சொன்னதை மறைப்பதா, சொல்வதா? சொன்னால் சூசை தப்பிப்பான், படுக்கையில் கிடப்பவன் மாட்டுவான். சொல்லாவிட்டால் சூசை, செய்யாததைச் செய்தேன் என்று சொல்லிவிட்டு நிற்கிறான். வாயைத் திறக்கப் போனேன்.

அதற்குள் ஞானதுரை சார் குறுக்கே என்னிடம் கேட்டார். "சுடலை, யாரும் ஊத்தினதை நீ பார்த்தியா?"

"பார்க்கல சார்" என்றேன்.

அவர் என்னையே சற்று நேரம் பார்த்தார். "சரி. நீ பார்த்ததைத்தான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு வண்டியின் கேபினுக்குள் கையை விட்டார். சீட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார். பிரேக் ஆயில் என்று லேபிள் ஒட்டிய பாட்டில். அதிலிருந்து இரண்டாவது கிளாஸில் ஒரு சொட்டு விட்டார். அது ஏற்கெனவே மிதந்த மஞ்சளோடு போய்ச் சேர்ந்துகொண்டது.

"சார், பிரேக் ஆயில்னு எழுதின பாட்டில்ல இருந்து எடுத்து பிரேக் ஆயில் டப்பாவுல ஊத்தியிருக்கு. ஊத்தினது சூசையா இருக்கட்டும், கிளீட்டஸா இருக்கட்டும், நானா இருக்கட்டும். ஊத்தினவன் செஞ்ச தப்பு என்ன?"

மேனேஜர் பாட்டிலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்குள்ள படகு ஆயில் எப்படி வந்துச்சு?"

"படகு ஆயில் நமக்கு பேரல்ல வருது. படகுக்குக் கொடுத்தனுப்ப சின்னப் பாட்டில் வேணும். ஷெட்டுல காலியான பிரேக் ஆயில் பாட்டிலைக் கழுவி, அதுலதான் ஸ்டோர்ல ஊத்திக் கொடுப்போம். படகுக்காரனுக்கு உள்ள என்ன இருக்குன்னு தெரியும், லேபிளைப் பார்க்க மாட்டான். கரைக்குப் போற பிக்கப்லதான் அதைக் கொடுத்து விடுவோம். ஒண்ணு வண்டியிலேயே தங்கிட்டு."

"யார் அப்படி ஊத்திக் கொடுக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல. ரொம்ப நாளா நடக்கு. நான் தினமும் அதைப் பார்த்துக்கிட்டுத்தான் போறேன். ஒரு நாளும் லேபிளைக் கிழிச்சிட்டு ஊத்துங்கன்னு சொன்னதில்ல. ஸ்டோர் எனக்குக் கீழ இருக்கு சார். என் பேரை எழுதுங்க."

ஐஸ் மெஷின் அப்போதும் ஓடவில்லை. அந்த அமைதியில் மேனேஜரின் ஃபோன் அடித்தது. அவர் எடுக்கவில்லை.

"ஞானதுரை, அடுத்த வருஷம் உங்களுக்கு ரிட்டயர்மென்ட். எக்ஸ்டென்ஷனுக்கு நான் எழுதி வச்சிருக்கேன். இப்போ இதை மேல அனுப்பினா அது நடக்காது."

"நடக்காது சார்."

மேனேஜர் பாட்டிலைப் பானட் ஓரத்தில் வைத்தார். சூசையிடம் போய், "காலையில இருந்து வெளியவே நிக்கிற. போய் ஏதாவது சாப்பிட்டுட்டு வா. வண்டி ரெடியாக நாளைக்கு ஆகும் போலிருக்கு" என்றார். பிறகுதான் ஃபோனை எடுத்து, வாடகை வண்டி ஒன்றைப் பிடிக்கச் சொல்லிக்கொண்டே நடந்தார். விபத்து அறிக்கை எழுதும்போது ஊற்றியவர் பெயர் என்ற இடத்தை அவர் நிரப்பவில்லை என்று பின்னால் தெரிந்தது. ஞானதுரை சாருக்கு எக்ஸ்டென்ஷன் கிடைக்கவில்லை. அதைப் பற்றி அவர் யாரிடமும் பேசியதில்லை. பாட்டில்களை மட்டும் அன்றே ஸ்டோரிலிருந்து கொண்டுவரச் செய்து, தன் கண் முன்னால் ஒவ்வொன்றாக நசுக்க வைத்தார்.

படகு ஆயில் போன பிரேக்கை வெறுமனே ஏர் எடுத்து அனுப்ப முடியாது. ஆயில் தொட்ட ரப்பர் எதையும் நம்பக் கூடாது. மாஸ்டர் சிலிண்டர் வாஷர்கள், நான்கு சக்கரத்து ரப்பர்கள், ஹோஸ்கள், டப்பா மூடி, எல்லாம் புதிதாகப் போட்டேன். இரும்புக் குழாய்களை ஸ்பிரிட் விட்டுக் கழுவி, காற்றடித்துக் காய வைத்தேன். மறுநாள் பின் இடது சக்கரத்தில் தொடங்கினேன். சூசை சீட்டில் உட்கார்ந்தான். ஒரு தட்டு, பிடித்தான். இரண்டு தட்டு; விட்டான். அன்று நான் தேவைக்கு மேல் ஆயில் செலவழித்தேன். குமிழ் நின்ற பிறகும் நிறுத்த மனம் வரவில்லை. ஒவ்வொரு சக்கரத்திலும் வடிந்ததைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தேன். நான்கும் கலந்தன.

முன் வலது நிப்பிளை இறுக்கிவிட்டு வெளியே வந்தபோது சூசை காலைப் பெடலிலிருந்து எடுக்காமல் இருந்தான். இரண்டு தட்டு தட்ட மறந்துவிட்டேன்.

"விடுலே."

"நிக்குதா அண்ணாச்சி?"

"நிக்குது."

அதன் பிறகுதான் காலை எடுத்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேர்ந்து கிளீட்டஸைப் பார்க்கப் போனோம். காலை எடுக்க வேண்டியதில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். உள்ளே கம்பி வைத்திருந்தார்கள். கிளீட்டஸ் பழையபடி பேசினான். "அத்தானுக்கு என்னைய இடிச்சதுக்கு அக்காகிட்ட செமத்தியா கிடைச்சிருக்கும்லா?" என்று சிரித்தான். சூசை ஸ்டூலில் உட்கார்ந்து அவனுக்கு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான்.

சற்று நேரம் கழித்து கிளீட்டஸ் என்னைப் பார்த்துக் கேட்டான். "அண்ணாச்சி, நான் மட்டும் ஆயிலைக் குறைய விட்டிருந்தேன்னு வைங்க. வண்டி முழுசா மேல ஏறியிருக்கும்லா? ஏதோ நான் ஊத்தப்போயி, காலோட போச்சு. அப்படித்தான?"

சூசையின் கை நின்றது. என்னைப் பார்க்கவில்லை, ஆரஞ்சையே பார்த்தான்.

ஆமாம் என்று சொல்லிவிடலாம். அவனுக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் அவன் திரும்பி வந்து இன்னொரு வண்டியின் பானட்டைத் திறப்பான்.

"இனிமே எந்தப் பாட்டிலா இருந்தாலும் என்கிட்ட காட்டிட்டு ஊத்துலே" என்றேன்.

அவன் சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது; பிறகு மெல்லக் குறைந்தது. என்னைப் பார்த்தான். அத்தானைப் பார்த்தான். கட்டுப் போட்ட தன் காலைப் பார்த்தான். "எந்தப் பாட்டிலு?" என்று கேட்க வாயெடுத்தவன், கேட்கவில்லை.

சூசை ஒரு சுளையைப் பிய்த்து அவன் கையில் வைத்தான்.

"தின்னு மாப்ள. உன் அக்கா வாங்கிக் கொடுத்து விட்டது."

கிளீட்டஸ் அதைத் தின்னவில்லை. சூசை அடுத்த சுளையையும் பிய்த்து, விதையை எடுத்து, அவன் விரல்களைப் பிரித்து உள்ளங்கையில் வைத்து மூடினான். மூடிய கையை விடாமல் பிடித்துக்கொண்டான்.